நூறு சதவீதத்தில் இல்லாதவள்

எங்கள் பள்ளியில் அந்த வருடம் பத்தாம் வகுப்பு நூறு சதவீதத் தேர்ச்சி. கேட்டுக்கு மேலே பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் எழுதியிருந்தது பொய் இல்லை. பரீட்சை எழுதிய எல்லோரும் பாஸானோம். ஃபெயிலாகக்கூடியவளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நூறு சதவீதம் வரத்தான் செய்யும். இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மத்திகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது பள்ளி. பத்தாம் வகுப்பில் பாடம் நடத்துவதெல்லாம் காலாண்டுத் தேர்வோடு முடிந்துவிடும். பிறகு வெறும் டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்தார்கள். நன்றாகப் படிக்கிறவள் லீடர். அவளுக்குக் கீழே படிப்பு வராதவர்கள். அவர்களுக்கு "மெல்லக் கற்போர்" என்று மரியாதையாக ஒரு பெயர். வகுப்பில் கூப்பிடும்போது அந்த மரியாதை இருக்காது. "ஏய் ஸ்லோ, எழுந்திரு" என்பார்கள்.

என் குழுவில் இருந்தவள்தான் அவள். வீட்டில் தெலுங்கு. அவள் அப்பா பர்கூர் பக்கம் கல் குவாரியில் வேலை செய்து செத்துப்போனார். அதற்கு முன்பு அவள் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம். அப்பா போன பிறகு அம்மாவும் மகளும் எங்கள் பக்கம் வந்து ஒரு அறை வாடகைக்கு எடுத்தார்கள். அம்மாவுக்கு மாட்டுப் பண்ணையில் தீவனப்புல் வெட்டும் வேலை. அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. மகளுக்குப் பேச நன்றாக வரும். எழுத உட்கார்ந்தால் தெலுங்கு எழுத்தும் தமிழ் எழுத்தும் கையில் முட்டிக்கொள்ளும். ஒரு வரி எழுதுவதற்குள் மற்றவர்கள் ஒரு பக்கம் முடித்திருப்பார்கள்.

தினமும் காலையில் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்குமுன் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் என்னிடம் ஒப்பிக்க வேண்டும்.

"ஒளிச்சேர்க்கைன்னா என்னா? சொல்லு."

"இலை சோறு ஆக்குது லீடரம்மா. வெயில்தான் அடுப்பு. தண்ணி, காத்தெல்லாம் சாமானு. போதுமா, கொழம்பும் வெக்கணுமா?"

"புக்குல இருக்கிற மாதிரி சொல்லுடி."

"புக்கு எழுதினவரு சோறு ஆக்கியிருக்க மாட்டாரு."

பிறகு புத்தகத்தில் இருப்பதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். கணக்கு சார் மூக்கைச் சொறிந்துகொண்டே தேற்றம் நடத்துவதை அப்படியே செய்து காட்டுவாள். நான் சிரித்து, எனக்கே எல்லாம் மறந்துபோகும்.

அவளுக்கு ஒரே ஆசைதான். தினமும் சொல்வாள்: "பத்து பாஸு. அப்புறம் பன்னெண்டு பாஸு. அப்புறம் கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டு. எங்கம்மாவ புல்லு வெட்ட விடமாட்டேன்டி." எங்கள் பக்கம் கம்பெனிகளில் பெண்களை எடுக்க வேண்டும் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு கேட்பார்கள். பத்து பாஸாகாவிட்டால் அந்த பஸ்ஸை ரோட்டில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

அரையாண்டில் அவள் மூன்று பாடத்தில் போய்விட்டாள். தலைமையாசிரியை அவள் அம்மாவை வரச் சொன்னார். லீடர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள், டெஸ்ட் பேப்பர்களை எடுத்துக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியை தெற்கே ஏதோ மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தெலுங்கு ஒரு சொல் தெரியாது. தெலுங்கு தெரிந்த ஆசிரியர்கள் பள்ளியில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவள் அம்மா பண்ணையில் இருந்து நேராக வந்திருந்தார். சேலையில் புல் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கம்மா, ஒங்க பொண்ணு தேற மாட்டா. இந்த வருசம் எழுத வேண்டாம். வீட்ல நிப்பாட்டிருங்க. அடுத்த வருசம் தனியா கட்டி எழுதிக்கிரட்டும். ஒரு பிள்ளையால ஸ்கூல் பேரு கெட்டுப்போயிரும்" என்றார் தலைமையாசிரியை.

அம்மா சிரித்த முகத்தோடு மகளைப் பார்த்தார். "ஏமி செப்தாரு?"

"என்ன சொல்றேன்னு கேக்காங்களா? நீயே சொல்லு" என்றார் தலைமையாசிரியை.

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். பிறகு தெலுங்கில் சொன்னாள், தெளிவாக, திக்காமல்: "நான் நல்லா படிக்கிறேனாம்மா. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா போதுமாம். இனிமே சாயங்காலம் வர லேட்டாகுமாம், பயப்பட வேணாமாம்."

அம்மா எழுந்து நின்று இரண்டு கைகளையும் சேர்த்து தலைமையாசிரியையைக் கும்பிட்டார். தெலுங்கில் ஏதேதோ சொன்னார். நீங்கள்தான் என் மகளுக்கு இன்னொரு தாய், உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கண்ணில் தண்ணீர்.

"என்ன சொல்றாங்க?"

"சரின்னு சொல்றாங்க மிஸ்."

"நல்ல அம்மா. சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார் தலைமையாசிரியை. அவருக்குப் பெரிய நிம்மதி.

எனக்குத் தெலுங்கு தெரியும். எங்கள் வீட்டில் தமிழ்தான். ஆனால் அத்தா சந்தை சந்தையாகப் போய் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். குந்தாரப்பள்ளிக்கும் மற்ற சந்தைகளுக்கும் சின்ன வயதிலிருந்து லீவு நாளில் கூடப் போவேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கூவாவிட்டால் எங்கள் பக்கம் ஒரு வாளிகூட விற்க முடியாது. அந்த அறையில் இரண்டு பக்கமும் புரிந்த இன்னொரு ஆள் நான்தான்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன். "ஏன்டி இப்படிப் பொய் சொன்ன?"

"பின்ன? நான் மக்கு, என்னைத் தொரத்துறாங்கன்னு எங்கம்மாகிட்ட நானே சொல்லணுமா? நீயா இருந்தா சொல்லுவியா?"

அந்தத் தண்டனையை அவள் வாயாலேயே சொல்லச் சொன்னவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாளும் வந்தாள். வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டிப் போனார்கள். "உங்கம்மாதான் சரின்னுட்டாங்களே, இன்னும் இங்க என்ன வேலை?" என்று வகுப்பாசிரியர் கேட்டார். இரண்டு மூன்று நாள் அப்படியே உட்கார்ந்து பார்த்தாள். பிறகு வரவில்லை.

வீட்டிலிருந்து யூனிபார்மோடு, பையோடு, அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு கிளம்புவாள். நேராக ரோஸ் ஷெட்டுக்குப் போவாள். பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் பூ போகும். அதனால் ஜனவரியில் வேலைக்கு யார் வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். வயது கேட்க மாட்டார்கள். யூனிபார்முக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பூ வெட்டுவாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருப்பாள். கையெல்லாம் முள் கீறல்.

"இன்னிக்கு என்னா நடத்தினாங்க? சொல்லு லீடரம்மா."

நான் சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள்.

"எதுக்குடி இன்னும் படிக்கிற?"

"பரீட்சை எழுதுறவங்க லிஸ்ட்ல என் பேரு இருக்கும்டி. பரீட்சை அன்னிக்கு வந்து உக்காந்துட்டா யாரு என்னா பண்ணுவாங்க? முப்பத்தஞ்சு எடுத்துட்டா அப்புறம் எங்கம்மாகிட்ட பொய் சொன்னதே பொய்யில்லன்னு ஆயிடும்."

அவள் அதை முழுதாக நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தையில் அத்தா கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெரிய சாப்பாட்டு டப்பா ஒன்று வேண்டும் என்றார் தெலுங்கில். சாயங்காலம் வரைக்கும் படிக்கிற பிள்ளை, பழைய டப்பா சோறு பத்தவில்லை என்றார். நீலக்கலர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"நல்லா படிக்கிறாளா பாப்பா? நீ தான சொல்லிக்குடுக்கிற?"

என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை சொன்னது, மகள் மாற்றிச் சொன்னது, ரோஸ் ஷெட், எல்லாம்.

"யாவாரம் நடக்கிற எடத்துல என்னா பேச்சு இது?" என்று அத்தா அதட்டினார். பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் அடங்கிவிட்டார்.

அந்த அம்மா டப்பாவின் மூடியைத் திரும்பவும் அழுத்தி மூடினார். "அப்போ நான் தினம் கட்டிக் குடுக்கிற சோறு எங்க போவுது?" என்று மட்டும் கேட்டார். அதையும் சொல்லியிருந்தேன். அவருக்குக் காதில் விழவில்லை போல. திரும்பவும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கு வந்துவிட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். எதையும் மழுப்பவில்லை.

"என் மகள எழுத விடுங்க. ஃபெயிலானா ஆவட்டும். ஃபெயிலாறதுக்குக்கூட அவளுக்கு உரிமை இல்லையா?"

"பேரெல்லாம் அனுப்பியாச்சு. இனிமே சேக்க முடியாது. அன்னைக்கு இவங்கதான சரின்னாங்க? நீ எதுக்கு இதுல வாரே? கிளாஸுக்குப் போ."

நான் போகவில்லை. தலைமையாசிரியை சொன்னதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

"அன்னிக்கு ஒங்களக் கும்பிட்டேனே. நான் எதுக்குக் கும்பிட்டேன்னு கேக்குறாங்க மிஸ்."

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த மணியை அடித்து அடுத்த ஆளை வரச் சொன்னார்.

பரீட்சை வந்தது. எழுதினோம். பாஸானோம். அவள் தனித்தேர்வராக எழுதவே இல்லை. ஃபீஸ் கட்டலாம் வா என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். வரவில்லை. சந்தையில் நான் சொன்ன நாளிலிருந்து என்னிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ்தான். அவள் இன்னும் ரோஸ் ஷெட்டில்தான். அம்மா இன்னும் புல்தான் வெட்டுகிறார். போன மாதம் பஸ் ஸ்டாப்பில் இருவரும் ஒன்றாக நிற்க நேர்ந்தது. அவள் கையில் அந்த நீல டப்பா. மூடி வெடித்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். அவளாகவே பேசினாள்.

"பரீட்சை போனதுகூட பரவால்லடி. எங்கம்மாகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

"சொன்னது சரிதான்" என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"சரிதான். ஆனா அதுக்கப்புறம் எங்கம்மா என்னைப் படிப்பு பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நீயெல்லாம் அவ்ளோதான்னு அவளும் முடிவு பண்ணிட்டா."

ரோஸ் ஷெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் டெம்போ வந்தது. பின்பக்கம் ஏறி, நின்றபடியே போனாள். எனக்கு பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.