மலையை வலது கைப்பக்கம் வைத்து

கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கிற மலை ஊர்களை நடந்தே சுற்றி வந்தவள் நான் என்று சொன்னால், இப்போதெல்லாம் "ட்ரெக்கிங்கா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் கேட்பவர் கையில் இருக்கிற டீ ஆறிவிடும். நாங்கள் நடந்தது ஊர் பார்க்க இல்லை. அப்பா செத்துப்போன சேதியை அக்காவிடம் சொல்வதற்காக நானும் அம்மாவும் அவளைத் தேடி நடந்தோம்.

எழுபதுகளின் நடுவில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அக்கா கல்யாணமாகி அத்தான் வீட்டு ஆட்களோடு முந்தியே வந்துவிட்டாள். கிளம்பும்போது அப்பா அவளிடம், "நீ முன்னால போயி அடுப்பு மூட்டி வையி. நான் வந்து ஒன் வீட்டுலதான் இருப்பேன்" என்றார். அவள்தான் அப்பாவுக்குச் செல்லம். எனக்கு அதில் பொறாமை உண்டு, இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

நாங்கள் மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அக்கா குடும்பத்தைக் கொடைக்கானல் மலைக்குக் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மலையில் எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. வந்த மாதமே அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அத்தனை வருஷம் குளிரையும் அட்டைக்கடியையும் தாங்கிய உடம்பு, கடற்கரை மணலில் ஒரு வாரம் தாங்கவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் கொள்ளி வைத்தார்.

அம்மா நெற்றிப் பொட்டை அழிக்க மறுத்துவிட்டாள். முகாமில் பெண்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "எவளோ ஒருத்தி என் நெத்தியப் பாத்துட்டுப் போயி பெரியவகிட்டச் சொல்லக் கூடாது. பெத்தவ நான். நான்தான் வாயால சொல்லணும். சொன்ன பொறவு அழிக்கிறேன்" என்றாள். அம்மாவிடம் வாதம் செய்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொண்டாள்.

வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் கொடைக்கானல் வந்து இறங்கினோம். அதற்கு மேல் பஸ் ஏற மாட்டேன் என்றாள். "பஸ்ஸுல போனா ரோட்டு ஓரத்துல நிக்கிறவ மூஞ்சி தெரியுமா?" அது ஒரு காரணம். இன்னொன்று முருகன். பழனி மலை என்றால் மலை முழுக்க அவன்தான் என்பது அவள் கட்சி. ஆகவே மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் நடக்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், அங்கிருந்து கூக்கால், பிறகு பள்ளங்கி, வில்பட்டி, அட்டுவம்பட்டி, மறுபடி கொடைக்கானல். நடுவில் காடும் புல்மேடுமாகக் கிடந்த உயரத்தை அவள் கோயிலாக்கிவிட்டாள். அதற்கு நாங்கள் வலம் வருகிறோம்.

இந்த வலம் விஷயத்தில் அம்மா பொல்லாதவள். தோட்டத்து லயத்து வீட்டில் ஆட்டுக்கல் குழவியைக்கூட இடப்பக்கமாகச் சுற்ற விட மாட்டாள். சின்ன வயதில் நாங்கள் விளையாட்டாகக் கோயிலை மாற்றிச் சுற்றினால் முதுகில் ஒன்று விழும். இடம் சுற்றுவது பிணத்துக்கு மட்டும்தான் என்பாள். அக்கா பயந்த சுபாவம். இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டாள். நான் அம்மா பார்க்காத நேரத்தில் குழவியை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தவள். மாவு ஒரே மாதிரிதான் அரைந்தது.

ஒவ்வொரு ஊரிலும் வேலை செய்தால்தான் சோறு, வேலை இருக்கிற வரைக்கும்தான் இருக்க இடம். ஆகவே மெதுவாகத்தான் போனோம். பூம்பாறையில் பூண்டு வெட்டினோம். பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டுக் கீழே புகை போடுவார்கள், அந்தப் பரணுக்கு அடியிலேயே படுக்கை. அந்த வீட்டுக்காரம்மா வாய் ஓயாத நல்ல மனுஷி. மன்னவனூரில் உருளைக்கிழங்கு தோண்டினோம், ஆட்டுக்கொட்டகையில் தங்கினோம். தோண்டிய மண் நகக்கண்ணில் ஏறி விரல் விறைத்துப் போகும், வெந்நீரில் விட்டால்தான் விரல் நம்முடையது என்று தெரியும். எந்த ஊர் போனாலும் அம்மா முதலில் கேட்பது, "சிலோன்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" அதற்குப் பதில் வருவதற்குள் அவர்கள் கேட்பது, "ஒங்க வீட்டுக்காரரு வரலைங்களா?"

"பின்னால வாராரு" என்பாள் அம்மா.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, அப்பா உண்மையிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமியபடி ஏறி வருகிற மாதிரி எனக்கே பாதையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அம்மாவின் மேல் அப்போது வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் போட்டு வைப்பது என்று தெரியவில்லை.

கூக்காலில், தோல் பதனிட அனுப்புகிற சீகை மரப்பட்டை உரிக்கிற வேலை. அங்கே வரிசையாகக் குடிசைகள், எல்லாம் எங்கள் மாதிரி வந்தவர்கள். "எந்தத் தோட்டம்?" என்று கேட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா குடும்பம் அங்கேதான் இருந்திருக்கிறது. கான்ட்ராக்ட் முடிந்து, மழைக்கு முன்னாலேயே வேறெங்கோ போய்விட்டார்கள். "பொம்பளப்புள்ள பொறந்துச்சு" என்று ஒருத்தி சொன்னாள். அம்மா அன்றைக்கு முழுவதும் சிரித்த முகமாகப் பட்டை உரித்தாள். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்ல முடியாதே என்ற நினைப்பு அவளுக்கு வந்ததா என்று தெரியாது. எனக்கு வந்தது.

பள்ளங்கி, வில்பட்டி, அட்டுவம்பட்டி என்று இறங்கினோம். பீன்ஸ் எடுத்தோம், களை பறித்தோம். எங்கும் அக்கா இல்லை. அட்டுவம்பட்டியில் ஹாஸ்டல் சமையல்காரம்மா ஒருத்தர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். "சர்ச்சுல ஒரு அனௌன்ஸ்மென்ட் குடுத்திருந்தா ஒரே சண்டேல கண்டுபிடிச்சிருக்கலாமே, ஏன் இப்பிடிக் கால் தேய நடக்குறீங்க? நான் ப்ரேயர்ல வச்சுக்கிறேன்" என்றார். அம்மா, "வச்சுக்கங்க" என்றாள். எந்தச் சாமி தந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயார், ஆனால் நடப்பது மட்டும் முருகனைச் சுற்றி. கொடைக்கானலைத் தாண்டி இரண்டாவது தடவையாகப் பூம்பாறைக்குப் போனோம்.

எங்களைப் பார்த்ததும் பூண்டு வீட்டுக்காரம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஏத்தா, இப்பத்தான் வாரீகளா? ஒங்க பெரிய மக வந்துட்டுப் போயிருச்சே! இடுப்புல ஒரு பச்சப்புள்ள. கொடைக்கானல் சந்தையில யாரோ சொல்லி, ஒங்களத் தேடி இங்க வந்துச்சு. மன்னவனூர்ப் பக்கம் போனாகன்னு சொன்னேன். இங்கன கொஞ்ச நாள் வேல பாத்துட்டு, அது பின்னாலயே போயிருச்சு."

நாங்கள் முன்னால், அக்கா எங்களுக்குப் பின்னால். நாங்கள் வில்பட்டியில் பீன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மன்னவனூரில் எங்களை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளும் மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் நடக்கிறாள். செக்கு மாடு இரண்டைக் கட்டினால் ஒன்றையொன்று எங்கே பார்க்கும்?

"கொடைக்கானல் திரும்புற வரைக்கும் பாப்பேன், கெடைக்கலேன்னா வீட்டுக்காரரோட கீழ எறங்கிருவேன்னு சொல்லுச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. "அவருக்குக் கீழ எங்கயோ லாரி லோடு ஏத்துற சோலி கெடைச்சிருக்காம். எந்த ஊருன்னு அதுக்கே தெரியல." பிறகு, சந்தோஷமான சேதி சொல்கிற முகத்தோடு, "வந்ததும் மொதல்ல என்ன கேட்டுச்சு தெரியுமா? எங்கம்மா நெத்தியில பொட்டு இருந்துச்சான்னு கேட்டுச்சு. நல்லா பளிச்சுன்னு இருந்துச்சு ஆத்தான்னேன். அப்பிடியே உக்காந்து சிரிச்சிருச்சு புள்ள. அப்பா நல்லாருக்காருன்னுச்சு."

அம்மா பூண்டுக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் எடுக்கப் போனார்.

"என் பொட்ட நம்பிக்கிட்டு நடக்குறாளேடி" என்றாள் அம்மா.

நான் சொன்னேன்: "பின்னாலயே போனா நமக்கு முன்னாலயே அவ கொடைக்கானல் போயிருவா. இப்பிடியே திரும்பி எதிர்க்கப் போவோம். எங்கயாச்சும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துத்தான ஆகணும்."

எதிரே போவது என்றால் மலை இடது கைப்பக்கம் வரும். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

எனக்கே பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "ஒருவேள அவளும் நம்மள மாதிரி யோசிச்சுத் திரும்பியிருந்தா?"

"திரும்ப மாட்டா" என்றாள் அம்மா. "நான் வளத்த புள்ள. செத்தாலும் இடம் சுத்த மாட்டா. அப்ப நான்தான் திரும்பணும்."

எழுந்தாள். செருப்பைக் கழற்றி மூட்டைக்குள் வைத்தாள். மேட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "செத்த நேரம் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இரு சாமி" என்றாள். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். கொடைக்கானலுக்கு அன்றைக்குப் பஸ் ஏறலாமா என்று தயங்கிக் கேட்டேன். "ஏறு. இடம் சுத்துறதுன்னு ஆயிப்போச்சு, வெரசாச் சுத்துவோம்" என்றாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, இடப்பக்கத்து ஜன்னலை ஒரு தடவைகூடப் பார்க்காமல் வந்தாள்.

அட்டுவம்பட்டியில் கேட்டோம், அக்கா அங்கே இன்னும் வரவில்லை. நான் அங்கேயே காத்திருக்கலாம் என்றேன். வில்பட்டியிலேயே காய்கறி லாரி ஏறி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அதுவும் நியாயம்தான். நடந்தோம். வெறுங்காலில் சரளைக்கல் குத்த, அவள் வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மந்திரம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவளை உட்காரவைத்து ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கிறவள், வெறும் வயிற்றில் கேட்கக் கூடாது. அப்புறம் 'ஒங்கப்பாவுக்குக் கடக்காத்து ஒத்துக்கலத்தா' என்று ஆரம்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொல்ல வேண்டும். கடைசியாக உன் பெயரைத்தான் சொன்னார் என்று சொல்ல வேண்டும்.

"என் பேரச் சொல்லலியா?" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீதான் பக்கத்துல இருந்தியே" என்றாள்.

வில்பட்டியில் தங்கிவிட்டு மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். பள்ளங்கிப் பாதை ஓர் ஓடையைச் சுற்றிக்கொண்டு வளைகிற இடம். இந்தக் கரையில் நடக்கிறவருக்கு அந்தக் கரையில் வருகிறவரை நன்றாகத் தெரியும், சேர்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். மூடுபனி விலகி, எதிர்க்கரையில் முட்டைக்கோசுப் பாத்திகளுக்கு மேலே ஒரு பெண் வருவது தெரிந்தது. முதுகில் பிள்ளையைச் சேலையால் கட்டியிருந்தாள். கையில் ஒரு மூட்டை. தோளை ஒருபக்கம் சாய்த்து நடக்கிற நடை. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த நடை கிடையாது.

"அக்கா!" என்று கத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளை குலுங்க, ஓட ஆரம்பித்தாள். "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது. அம்மாவும் வேகமாக நடந்தாள். "மெதுவா வாடி, புள்ளை குலுங்குது" என்று இங்கிருந்தே திட்டினாள். திட்டுகிற சந்தோஷம் அவள் குரலில் இருந்தது.

அக்காவின் ஓட்டம் குறைந்தது. நடையானது. பிறகு அந்த நடையும் நின்றது. அவள் தனக்கு வலப்பக்கம் இருந்த மேட்டைப் பார்த்தாள். மறுபடி எங்களைப் பார்த்தாள், மேட்டை இடது கைப்பக்கம் வைத்து அம்மா வருவதைப் பார்த்தாள். அம்மாவின் நெற்றியில் பொட்டு இருந்தது. அத்தனை தூரத்திலும் அது தெரிந்திருக்கும். அக்கா அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மூட்டையை மெல்லப் பாதையில் இறக்கி வைத்தாள்.

நாங்கள் ஓடை வளைவைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தோம். அம்மா இரண்டு கையையும் நீட்டி, "மொதல்ல புள்ளையக் குடு. நீ இப்பிடி உக்காரு. காலையில என்ன சாப்புட்ட?" என்றாள்.

"எப்பம்மா?" என்றாள் அக்கா.

அம்மா நீட்டிய கை நீட்டியபடி நின்றாள். வழியெல்லாம் பேசிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"வந்த மாசமே" என்றாள்.

அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அக்கா அழுவதற்கு முன்னால் அழுதாள்.