ஆஸ்திரேலியா போகிறவரின் கூரை

தீவின் வடக்கே எங்கள் ஊர் குட்லண்ட்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஒரு வாரமாகக் கடற்கரைப் பங்களா ஒன்றுக்குக் கரும்புச் சோகையில் கூரை வேய்கிறேன். இன்று கடைசி நாள்.

இந்தப் பணக்காரர்களுக்குக் கடலோரத்தில் மட்டும் குடிசை பிடிக்கும். சுதந்திரமா வேண்டாமா என்கிற தேர்தல் அடுத்த வாரம்; அந்த வரிசையில் எந்த கேட்டைப் பார்த்தாலும் ‘சுதந்திரம் வேண்டாம்’ நோட்டீஸ்தான்.

நான் ஏணியில் நிற்க, முசியே என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்காரப் பிரெஞ்சுத் துரை சாய்வு நாற்காலியில் கிடந்தபடி உபதேசம் ஆரம்பித்தார்.

“அடுத்த வாரம் யோசித்து ஓட்டுப் போடு, மேஸ்திரி. இங்கிலீஷ்காரன் போனால் ஆறே மாதத்தில் இந்தத் தீவு பட்டினியில் சாகும். நாங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிடுவோம். அப்புறம் உனக்கு யார் வேலை கொடுப்பார்?”

 நான் அடுத்த கட்டுச் சோகையை எடுத்து இறுக்கிக் கட்டினேன்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் முசியே எழுந்து வந்து, வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இது எத்தனை வருஷம் தாங்கும்?”

“ஏழு வருஷம், முசியே.”

அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பத்து வராதா? இன்னும் ஒரு அடுக்குப் போடேன்!”

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஆறு மாதத்தில் அழியப்போகிற தீவில் பத்து வருஷக் கூரை! மற்றக் கரைகளில் கூரை வேய்கிறவர்களே, உங்கள் பக்கத்துப் பங்களாக்காரர்கள் எந்தக் கப்பலில் ஏறுகிறார்களாம்? சொல்லும்போது, அவர்கள் கூரையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.