அப்பாவின் நாலு சில்லுப் பிக்கப்

எங்கள் அப்பா அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சனோடு அவர் எங்கள் ஊரான கோப்பாய்க்குக் கொண்டுவந்தது, வேலைக்காலத்தில் டிரைவர் ஓட்ட அவர் பக்கத்தில் இருந்து போய்வந்து, பிறகு திணைக்களம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய பிக்கப். நாலு சில்லும் இழுக்கும் வாகனம்; முன் சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவை போகும். தார் ரோட்டிலேயே ஓடப்போகிற எங்களுக்கு அது எதற்கு என்று அம்மா கேட்டா. அப்பா பேப்பரை விரித்தார். மரவள்ளிக்கிழங்கு வாங்கப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனாலும் பிக்கப்பில்தான் போவார். யாராவது பக்கத்தில் ஏறினால், கியருக்கு அருகில் இருக்கும் இரண்டாவது தடியை இழுத்துக் காட்டி, "இப்ப நாலு சில்லும் இழுக்குது, தெரியுதோ?" என்பார். ஏறியவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் "ஓம், ஓம்" என்பார். ஓசியில் போகிறவர் வேறு என்னத்தைச் சொல்ல?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் எனக்குக் கொழும்பில் விசா நேர்முகம் வந்தது. கலியாணம் முடிந்து இருபதாம் நாள் நோர்வேக்குப் போன கணவரை மூன்று வருடமாகக் கடிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் திகதியைத் தவறவிட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள் என்று அவர் எழுதியிருந்தார். தெற்கே போகிற ஆனையிறவுப் பாதை அப்போது சண்டையால் பூட்டிக் கிடந்தது. கடல்நீரேரிச் சேற்றுக்குள்ளால்தான் போக வேண்டும். சனம் ட்ரக்டர்ப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போனது. வெளியே போக இயக்கம் கொடுக்கும் பாஸ் கிடைக்க, திரும்பி வருவோம் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்காக அப்பா கையெழுத்து வைத்தார். நான் போனால் அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள்.

"ட்ரக்டரிலையோ? வீட்டிலை நாலு சில்லு வாகனம் நிக்க, என்ரை பிள்ளை மாட்டுக்குப் புல்லு ஏத்தின பெட்டியிலை போறதோ?" என்றார் அப்பா.

நேர்முகத்துக்குப் பத்து நாள் இருக்கையில் கோப்பாய் வயல்வெளியில் வெள்ளோட்டம் விட்டார். அயலட்டை முழுக்க வரம்பில் வந்து நின்றது. அப்பா தடியை இழுத்தார், வயலுக்குள் இறக்கினார். பின் சில்லுகள் சேற்றை வாரி எங்கள் மேல் எறிந்தன. முன் சில்லுகளோ கும்பிடப் போன இடத்தில் நிற்பதுபோல அசையாமல் நின்றன. உடனே வரம்பில் நின்ற எல்லோரும் எஞ்சினியர் ஆனார்கள். ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் காற்று என்றார், ஒருவர் எங்கள் குலதெய்வத்துக்கு ஏதோ குறை என்றார். கடைசியில் ஒரு சோடி மாடு வந்துதான் பிக்கப்பை இழுத்து எடுத்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த நாள் கராஜில் மெக்கானிக் முன் சில்லின் நடுவில் இருந்த குமிழைத் திருப்பிப் பார்த்தார். அது பிடிப்பே இல்லாமல் சுற்றியது.

"ஐயா, சேத்துக்கை இறங்க முதல் இதைத் திருப்பினனீங்களோ?"

"உள்ளுக்கை தடியை இழுத்தனான்தானே?"

"அது பாதி வேலை. இறங்கி வந்து ரெண்டு முன் சில்லிலையும் உந்தக் குமிழைத் திருப்பினால்தான் முன்பக்கம் இழுக்கும். கந்தோரிலை உங்கடை டிரைவர் இறங்கித் திருப்புறேல்லையோ?"

அப்பா குனிந்து குமிழைப் பார்த்தார்.

"இறங்கிறவன்தான். சேறு வந்தால் ஒருக்கா, சேறு முடிய ஒருக்கா இறங்குவான். ஒண்டுக்குப் போறான் எண்டு நினைச்சன். நீரிழிவாக்கும், போய்க் காட்டு எண்டு லீவு கூடக் குடுத்தனான்."

மெக்கானிக் சட்டென்று குனிந்து எதையோ தேடினார். தோள் மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது, "அந்த மனுசன் திருப்பித் திருப்பித்தான் இது தேஞ்சுபோச்சு" என்றார்.

கழற்றினால் உள்ளே பல்லெல்லாம் மழுங்கி, கிறீஸ் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. குமிழ் இருக்கும் அந்த ஹப் என்கிற பாகத்தைப் புதிதாக வாங்க எங்கே போவது? பொருள்களுக்குத் தடை போட்டிருந்ததால் நெருப்புப்பெட்டிக்கே வழியில்லாத காலம். மெக்கானிக் நாலு நாள் சைக்கிளில் அலைந்து, உடைத்துப் போட்டிருந்த இரண்டு வாகனங்களிலிருந்து வாகனத்துக்கு ஒன்றாகக் கழற்றி வந்தார். ஒன்றின் குமிழ் சிவப்பு, மற்றது கறுப்பு. அப்பாவுக்கு முகம் சுருங்கியது.

"சேத்துக்கை நிறம் தெரியாது ஐயா" என்றார் மெக்கானிக்.

கழுவுவதற்கு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை அம்மா முணுமுணுத்தபடி கொடுத்தா. ஹப்புக்கும் சில்லுக்கும் நடுவே வைக்க தடித்த கடுதாசி வேண்டியிருந்தது. அப்பாவின் நற்சான்றுகள் இருந்த பைலின் மட்டையைத்தான் வெட்டினோம். முப்பது வருட நற்சான்றும் முதன்முறையாக ஒரு வேலைக்கு உதவியது. இரண்டு பக்கக் குமிழையும் ஒரே அடையாளத்தில் வைக்க வேண்டும், காய்ந்த ரோட்டில் ஏறியதும் மறக்காமல் பழையபடி திருப்பிவிட வேண்டும் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவிடம் அல்ல, என்னிடம். உத்தியோகத்தர் இறங்கமாட்டார் என்பது அவருக்கும் விளங்கியிருந்தது.

போகிற அன்று விடியப்புறம் சேற்றங்கரையில் பிக்கப் நின்றது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சிவப்பைத் திருப்பினேன், சுற்றிப் போய்க் கறுப்பையும் திருப்பினேன். ட்ரக்டரில் இருந்த சனம் வாயைப் பிளந்து பார்த்தது. அப்பா தடியை இழுத்தார். முன் சில்லுகள் மெல்லப் பிடித்து இழுத்தன. புதைந்து நின்ற இரண்டு ட்ரக்டர்களைத் தாண்டினோம். "பாத்தியோ?" என்றார், எல்லாம் தன் கைவேலை என்பதுபோல. நான் சிரித்தேன். எனக்கு அவரில் கோபமே இல்லை.

அக்கரையில் வவுனியா போகிற வான் ஒன்று நின்றது. அப்பா அதற்கு மேல் வர முடியாது. நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மெக்கானிக் சொன்ன பழக்கத்தில் குனிந்து குமிழில் கை வைத்தேன்.

"விடு பிள்ளை. நான் திரும்பிப் போகோணுமெல்லே."

கையை எடுத்தேன். அவர் தனியாக அந்தச் சேற்றுக்குள் திரும்பிப் போகப்போகிறார் என்பதை அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் நேர்முகம், என் திகதி, என் நோர்வே என்றுதான் இருந்திருக்கிறேன்.

"அங்காலை ரோட்டிலை ஏறினாப் பிறகு ஆர் அப்பா இறங்கித் திருப்பிறது?"

"வேறை ஆர்? நான்தான்."