மும்பையில் ஒரு தாய்வீடு

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எங்கள் பக்கம் யாரும் வாதம் செய்வதில்லை. இருப்பவர், இல்லாதவர் என்ற பேதமும் அதில் கிடையாது. வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். அதற்காகவே காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, பழைய சேலைகளைத் துவைத்து மடித்து, தூளி கட்ட மேலே கொக்கியும் மாட்டி வைத்திருந்தேன். அப்போதுதான் மும்பையிலிருந்து மகள் போன் செய்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். ரயிலோ விமானமோ, எதிலும் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு அழுதாள்.

“எல்லாரும் அம்மா வீட்டுக்குப் போறாக. எனக்கு மட்டும் இல்லையாம்மா?”

எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும். “நீ வர முடியாட்டி என்னடி? ஒங்க அம்மா வீடு அங்குட்டு வரும், பேசாம இரு” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வீடு எப்படி வரும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மகளின் மாமியார் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மும்பைக்குப் போனவர். கணவர் காலமான பிறகும் அங்கேயே, செம்பூரில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில் மகன், மருமகளோடு இருக்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். “நம்ம வீடு இருக்கையில எதுக்கு மதினி அலையிறீக? இங்கனயே வந்து இருங்க” என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் மாசக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு அதையே தாய்வீடு என்று சொன்னால், ஊரில் காக்காய் கூடச் சிரிக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அதில்கூட எனக்கு ஒரு சின்னக் கோபம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

மாப்பிள்ளை செம்பூரில் விடுதி வாடகைகளை விசாரித்து அனுப்பினார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். “இவன் ஒரு நாளைக்குக் கேக்குற வாடகைல நம்ம வீட்டுக்கு இன்னொரு தடவ வெள்ளையடிச்சிறலாம்” என்றார். அவர் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் மேஸ்திரி. நெல் வந்து குவிகிற சமயம் என்பதால் கூட வர வழியில்லை. நானோ வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். தைத்து முடிக்காத துணிகளைத் தெருவில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேச்சு வாங்கிக்கொண்டு, மதுரையில் மும்பை ரயிலில் ஏறினேன்.

தங்க இடம் பார்க்காமல் ஏறியவள் கையில் என்ன கொண்டு போனேன் என்று கேளுங்கள். புதுவயல் மில்லில் அரைத்த புழுங்கலரிசி அரை மூட்டை. பிள்ளை பெற்றவள் முதலில் தாய்வீட்டு அரிசியைத்தான் சாப்பிட வேண்டும் அல்லவா? அது போக ஒரு பை நிறையப் பூண்டு, பிரசவ மருந்துச் சாமான், மூன்று கவருக்குள் வைத்துக் கட்டியும் ஊரைக் கூட்டுகிற கருவாடு. உலைக்கு அரிசி ரெடி, அடுப்பு எங்கே என்றுதான் தெரியாது. இந்தப் புத்திசாலித்தனம் எங்கள் ஜில்லாவைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

எதிர் பெர்த்தில் மும்பையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் இருந்தார். கருவாட்டு வாசனையில்தான் எங்கள் பேச்சே தொடங்கியது. என் கதையைக் கேட்டுவிட்டு, மகள் இருக்கிற இடத்தில் அறை தேடாதீர்கள் என்றார். அந்த ஊரில் தூரம் மலிவு, இடம்தான் விலை. ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவுக்கு வாடகை குறையும். மாதச் சீசன் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. காரைக்குடியில் எதற்கெடுத்தாலும் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடம் தேடுகிற எனக்கு அது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. கல்யாண் ஸ்டேஷனிலேயே என்னை இறக்கி, அரிசி மூட்டைக்கு ஒரு போர்ட்டரையும் பிடித்து, பெண்களுக்கான ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போனார். இரண்டு ராத்திரி ரயிலில் கூட வந்ததைத் தவிர அவருக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை.

விடுதியை ஓர் அறக்கட்டளை நடத்தியது. ஒரு பெரிய ஹாலில் எட்டுக் கட்டில்கள். அதில் ஒரு கட்டில் எனக்கு. வேலைக்குப் போகிற பெண்களும், ஆஸ்பத்திரி காரியமாக வெளியூரிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். வாடகை என்னால் தாங்கக்கூடியது. வார்டன் ஒரு மராட்டிய அம்மாள். ஆண்கள் வரக் கூடாது, குழந்தைகள் கூடாது, சமையல் கூடாது, ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம் என்று அவர் விரல்விட்டுச் சொன்னதை நர்ஸ் எனக்குத் தமிழில் சொன்னார். சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம், ஆனால் அந்தச் சோற்றைத்தான் வடிக்கக் கூடாது. என் அரிசி மூட்டையை வார்டன் வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே ஒரு பக்கம் பிடித்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மறுநாளிலிருந்து என் பிழைப்பு ரயிலோடு ஆயிற்று. கல்யாணிலிருந்து குர்லா, அங்கே வண்டி மாறிச் செம்பூர். முதல் நாள் குர்லாவில் நிற்காத வேக வண்டியில் ஏறி, தாதர் வரை போய் முழித்தேன். இரண்டாவது நாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியவில்லை. கூட்டம் என்னை உள்ளேயே வைத்துக்கொண்டது. மூன்றாவது நாள், பெண்கள் பெட்டியில் ஒரு பெண் என் தோளைப் பிடித்து, இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே வாசல் பக்கம் திருப்பி நிறுத்தினாள். அவ்வளவுதான், நானும் மும்பைக்காரி ஆகிவிட்டேன்.

அந்தப் பெண்கள் பெட்டியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆசை தீராது. ஏறியதும், உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பார்கள். குர்லா என்று ஒருத்தி சொன்னால், அந்த இடம் கேட்டவளுக்கு என்று ஆகிவிடும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. இடையில் வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள். எங்கள் பக்கம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, ஏறிய பிறகு துண்டுக்கும் சேர்த்துச் சண்டை போடுவோம். இங்கே வெறும் வாய்ச்சொல்லுக்கு இருந்த மரியாதையைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மாலை வண்டியில் வீடு திரும்பும் பெண்கள் மடியில் பையை விரித்துக் கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள். அதைப் பார்த்த மறுநாளே நான் பூண்டை எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு எவ்வளவு இருந்தாலும் போதாது. உரிக்கத்தான் நேரம் பிடிக்கும். மடியில் கொட்டி உரிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவள் கேட்காமலே ஒரு கை அள்ளிக்கொண்டாள். எதிரில் இருந்தவளும் கையை நீட்டினாள். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது. வயிற்றைத் தொட்டு, கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினேன். பெட்டி முழுவதற்கும் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் ஏறினால் “பூண்டு வந்தாச்சா?” என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள்.

தினமும் ஒரு சின்னப் பையில் அரிசியும் உரித்த பூண்டுமாகச் செம்பூர் போவேன். மதினி அடுப்படியை எனக்கு விட்டுக்கொடுத்து ஹாலில் போய் உட்கார்ந்துகொள்வார். சமைத்து, மகளுக்குப் போட்டு, ஒன்பது மணிக்குள் என் கட்டிலுக்கு ஓடி வருவேன். ஆனாலும் அது என் வீடு இல்லை என்பது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இங்கயிருந்து எந்த வீட்டுக்குப் போறோம்?” என்று கேட்டாள். மதினி பக்கத்தில்தான் நின்று பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “பாத்துக்கிருக்கேன்டி” என்றேன். அன்று மாலையே வார்டனிடம் போய், கைகளைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டினேன். மகளையும் பிள்ளையையும் ஒரே ஒரு ராத்திரியாவது இங்கே தங்க விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார், முடியாது என்று தலையையும் ஆட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டிய ஏழு பெண்கள் தூங்குகிற இடம் அது. ஸ்டேஷனைச் சுற்றியிருந்த லாட்ஜுகளில் கேட்டேன். சமைக்க விடுகிற இடத்தில் வாடகை எட்டவில்லை; வாடகை எட்டிய இடத்தில் பச்சைப் பிள்ளையைப் படுக்கவைக்க மனம் ஒப்பவில்லை. அன்றைக்கு ராத்திரி அரிசி மூட்டைக்கு மேலே படுத்துக்கொண்டு அழுதேன். அம்மா வீடு வரும் என்று வீறாப்பாகச் சொன்ன வாயை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலை மதினி ஆஸ்பத்திரிக்கு ஒரு துணிப்பையோடு வந்தார். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து மூடினார்.

“மதினி, பிள்ளைக்கு முப்பது நாள் கழியிற வரைக்கும் அது ஒங்க வீடு. ஒங்க கட்டில எனக்குக் குடுத்துருங்க. அந்த வார்டனம்மாகிட்ட நேத்தே போன்ல பேசிட்டேன்.”

“என்ன மதினி பேசுறீக? ஒங்க வீட்ட விட்டுட்டு ஒங்கள வெளிய அனுப்பிட்டு நாங்க இருக்கவா?” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா. தலைப்பிரசவத்துக்கு மருமகள மாமியா வீட்டுலயே வச்சுக்கிட்டேன்னு ஊர்ல என்னையில்ல பேசுவாக. நீங்க வந்து இருங்கன்னு கூப்பிட்டதுதான் என் தப்பு. நான் கெளம்புறேன்னுல்ல சொல்லியிருக்கணும்?” என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். “முப்பது வருசமா அந்த வீட்டுக்கு நாந்தான் சாமி, நாந்தான் பூசாரி. கொஞ்ச நாளைக்கு விருந்தாளியா வந்து பாக்குறேனே.”

“அப்ப மாப்பிள்ளை?”

“அவன் இருக்கட்டும். மாப்பிள்ளை மாமியா வீட்டுல தங்கலாம், தப்பில்ல.”

வாய்க்காரி என்று பேர் வாங்கிய என்னை இரண்டே வார்த்தையில் அடக்கிய ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு, குர்லாவில் மாறி எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று என்னிடமே கேட்டார். அத்தனை வருஷம் மும்பையில் இருந்தவருக்குக் கல்யாண் பக்கம் போய்ப் பழக்கமில்லை. எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் இறங்க வேண்டும், இடத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

சாவியைப் போட்டு நான் திறந்தேன். சம்பந்தியின் படங்களும் பாத்திரங்களும் நிறைந்த வீடுதான். ஆனால் வாசலில் ஆரத்தி எடுத்து மகளையும் பேத்தியையும் உள்ளே அழைத்தது நான். மகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தவள், நேரே போய்ப் படுக்கையறைக் கட்டிலில் ஊரில் படுப்பதைப் போலக் குறுக்காகப் படுத்தாள்.

மறுநாள் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மதினி. தன் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஒரு கையில் ஆப்பிளும் மறு கையில் என் அரிசி மூட்டையிலிருந்து எடுத்த ஒரு பை அரிசியுமாக நின்றார். உள்ளே வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சட்டென்று உறைத்தது.

“வாங்க மதினி, வாங்க.”

அப்புறம்தான் படி தாண்டினார். யாராவது வந்தால் உட்காரும் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேத்தியைக் கொஞ்சிவிட்டு எழுந்திருக்கப் போனவரை, உள்ளிருந்து மகள் குரல் பிடித்து நிறுத்தியது.

“அத்தை, எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போவீகளா? சாப்பிட்டுத்தான் போகணும்.”

மதினி என்னைப் பார்த்தார். நான் இலையைப் போட்டேன். புதுவயல் அரிசிச் சோறும் பூண்டுக் குழம்பும். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று அவசரமாகக் கிளம்பியவர் கையில், உரிக்காத பூண்டு ஒரு பையைத் திணித்தேன்.

“ரயில்ல சும்மாதான உக்காந்துருக்கப் போறீக?”

மறுநாள் மணி அடித்தபோது பூண்டு முழுவதும் உரித்திருந்தது. பெண்கள் பெட்டியில் பூண்டைப் பார்த்ததுமே அடையாளம் கண்டு எல்லாரும் கூட உரித்துக் கொடுத்தார்களாம். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்களாம்.