தெக்லா ஏலத்தில் எடுத்த நீலப் பதக்கம்

தெக்லா ப்ரோஹாஸ்காவுக்கு நகைப் பித்து பிடித்தது, மற்றவர்கள் கழற்றி வைத்த நகைகளைப் பார்த்துத்தான். இடுப்புக்கச்சை தைப்பது அவள் தொழில். வியன்னாவின் எட்டாம் வட்டாரத்தில், நாலாவது மாடியில் ஒற்றை அறை. அளவெடுக்க மட்டும் வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்கே போவாள். அவள் அளவு நாடாவை விரித்ததும், அந்த வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடப்பதையும் மார்பில் குத்தியிருப்பதையும் கழற்றி மேசைமேல் வைப்பார்கள். பின்னால் நின்று ஊசி குத்திக்கொண்டே தெக்லாவின் கண் மேசைக்குப் போய்விடும்.

கணவன் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளையில்லை. முப்பது வயதில் வியாழக்கிழமைதோறும் ஏலக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். கடைசி வரிசையில், கணப்படுப்புப் பக்கத்தில் உட்காருவாள். முழுசான நகைக்கு அவள் கை எழும்பாது. அதெல்லாம் முன்வரிசைக் கடைக்காரர்களுக்கு. கல் விழுந்தது, ஊசி ஒடிந்தது, எனாமல் தெறித்தது, கைப்பிடி போன பீங்கான் கோப்பை என்று வந்தால் கை தூக்குவாள். நூறு வருஷத்துக்கு முன்னால் போருக்குத் தங்கத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பதிலுக்கு அணிந்த கறுப்பு இரும்பு வளையல் ஒன்று, இறந்துபோன யாரோ ஒருத்தியின் முடியைப் பின்னி வைத்த மார்பு ஊசி ஒன்று என்று நூல்கண்டு இழுப்பறைக்குள் சேர்ந்துகொண்டே போயின. ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். சிலர் தேவாலயத்துக்குப் போவார்கள், அவளுக்கு இது.

நகையைப் பற்றி அவள் வாய்விட்டுப் பேசியது ஒரே ஒருத்தியிடம்தான்: டாக்டர் லோவிட்டின் மனைவி ரெகினா. அவளுக்கும் பழசு பிடிக்கும். அவள் தினமும் அணிந்தது ஒரு ஜெனீவாப் பதக்கம். கருநீல எனாமல், அதில் புறாவைக் கையில் ஏந்திய ஒரு பெண். 1934இல் ஒருநாள் தெக்லாவின் கத்தரிக்கோல் நழுவி அதன்மேல் விழுந்து, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு எனாமல் தெறித்துவிட்டது. தெக்லாவுக்கு முகமெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"விடு தெக்லா. நீ போட்ட தழும்பு இருக்கறதால இது இனிமே உனக்கும் கொஞ்சம் சொந்தம்," என்று ரெகினா சிரித்தாள். ஒன்பது வயது மகள் லில்லி அந்தத் தெறித்த துணுக்கைத் தரையில் தேடியெடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டாள்.

1938 மார்ச்சில் ஜெர்மன் நாஜிப் படை நுழைந்து ஊர் மாறியது. ஒரே வாரத்தில், நேற்றுவரை குனிந்து வணக்கம் சொன்னவர்கள் யூதரான டாக்டர் லோவிட்டின் வீட்டுப் படியில் எச்சில் துப்பினார்கள். தெக்லா அதற்கப்புறமும் இரண்டு தடவை போய் வந்தாள். மூன்றாவது தடவை கிளம்பும்போது, நடையில் இருந்த பொதுக்குழாயடியில் நோவி நின்றிருந்தாள். அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கி, கதவு திறந்து பூட்டுகிறவள் அவள். யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"தெக்லா அம்மா, அந்த டாக்டர் வீட்டுக்கு இன்னும் போறீங்களாமே?"

"அளவெடுக்கத்தான் போறேன்."

"உங்களையும் சேத்து அளவெடுத்துருவாங்க, பாத்துக்குங்க. நானா போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா வந்து கேட்டா, தெரியாதுன்னு சொல்ல என்னால முடியுமா, நீங்களே சொல்லுங்க."

தெக்லா படியேறித் திரும்பிவிட்டாள். தைத்து முடித்த ரெகினாவின் கச்சை அலமாரிக் கதவில் தொங்கியது. நாளை கொண்டுபோகலாம் என்று தொங்கவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. மறு வருஷம் லில்லியை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், டாக்டரையும் மனைவியையும் வீட்டைவிட்டுக் கிளப்பி, இரண்டாம் வட்டாரத்தில் இன்னும் மூன்று குடும்பங்களோடு ஒரே வீட்டில் அடைத்துவிட்டார்கள் என்றும் பால்கடையில் கேள்விப்பட்டாள். கேட்டுக்கொண்டு பாலை வாங்கி வந்தாள்.

1940 ஏப்ரலில், ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில், கண்ணாடிப் பேழைக்குள் அந்தப் பதக்கம் கிடந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு: ஜெனீவா, சுமார் 1820, ஓரத்தில் சிறு குறை. அந்தச் சிறு குறையை உண்டாக்கியவள் பேழைக்கு வெளியே நின்று கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்த வருஷம் பேழைகள் எல்லாமே நிறைந்து வழிந்தன. எங்கிருந்து வந்தவை என்று யாரும் கேட்கவில்லை. தெக்லாவும் அதுவரை கேட்டதில்லை. அந்த இரண்டு வருஷத்தில் அவளே எட்டுச் சாமான் எடுத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் கை தூக்கினாள். முன்வரிசையில் கோட்டுக் கழுத்து மடிப்பில் நாஜிக் கட்சி வில்லை குத்திய ஒருவன் விடாமல் ஏற்றிக்கொண்டே போனான். ஒவ்வொரு தடவை கை தூக்கும்போதும் கூட்டம் திரும்பிப் பார்த்தது. "ஒருதரம், ரெண்டுதரம்," என்று ஏலக்காரர் இழுத்தபோதும் அவள் தூக்கிய கையை இறக்கவில்லை. சுத்தியல் விழுந்ததும் குமாஸ்தா அவள் பெயரையும் விலாசத்தையும் கூடம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான். வில்லைக்காரன் புன்னகையோடு தலையசைத்தான். அந்தப் புன்னகை எதற்கென்று யோசித்தே பல நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

ரெகினாவுக்காகத்தான் எடுத்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கை மேலே போன நொடியில் நெஞ்சுக்குள் இருந்தது இரக்கம்தானா? இத்தனை வருஷம் முதுகுப்பக்கம் நின்று பார்த்த ஆசையில்லையா? அதை அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் அதைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாம் வட்டாரத்துக்குப் போனாள். அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றாள். வாசலில் ஒரு ஆள் சும்மா நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். குடியிருப்பவனோ, கண்காணிக்கிறவனோ, யார் கண்டது? தெருவைக் கடக்க இருபது அடி எடுத்து வைத்தால் போதும். பையின் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி டிராம் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து பயம் அவளோடு குடியேறியது. யூதருக்காக ஒளித்து வைத்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் போதும். அலமாரியில் தொங்கிய ரெகினாவின் கச்சையில், அது விறைத்து நிற்க உள்துணிக்குள் செருகியிருந்த இரண்டு எலும்புப் பட்டைகளுக்கு நடுவே பதக்கத்தை வைத்துத் தைத்தாள். அடுத்த வருஷம் அக்டோபரில், இரண்டாம் வட்டாரத்திலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிப் போன செய்தி வந்தது. அதில் டாக்டர் தம்பதியும் இருந்தார்கள். அதற்கப்புறம் அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் போர்முனைக்குக் கம்பளித் துணி திரட்ட வீடு வீடாக வந்தாள் நோவி, கூடவே சீருடையில் ஒருவன். நோவி அலமாரியைத் திறந்தவள், கச்சையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரோடதுங்க? உங்க உடம்புக்கு ரெண்டு பேரு நுழையலாமே இதுல."

"சொல்லி வச்சவங்க வாங்க வரல."

"மூணு வருஷமாவா?" நோவியின் விரல் கச்சையின் எலும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது. தெக்லா பார்த்தாள், நோவியும் அவளைப் பார்த்தாள். சீருடைக்காரன் வாசலில் நின்று, சீக்கிரம் என்றான்.

"நல்ல தையல்," என்று சொல்லி நோவி அதை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது தெக்லாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்று முதல் தெக்லாவின் ரேஷன் காப்பியில் பாதி நோவிக்குப் போனது. நோவி வாங்கிக்கொண்டாள்; ஏன் என்று கேட்கவில்லை.

போர் முடிந்தது. தெக்லாவின் பயம் முடியவில்லை, புறம் மட்டும் திரும்பிக்கொண்டது. நேற்றுவரை ஒளித்து வைத்தவள் என்று பிடித்துப் போயிருப்பார்கள். இன்று அபகரித்தவள் என்று பிடித்துப் போவார்கள். வாங்கினாள் என்பதற்குப் பேரேட்டில் பெயர் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க நினைத்தாள் என்பதற்கு என்ன இருக்கிறது?

1947 பிப்ரவரியில் கதவு தட்டப்பட்டது. பிரிட்டிஷ் சீருடையில் ஒரு பெண். அதைப் பார்த்ததுமே தெக்லா கதவைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தெக்லா அத்தை, என்னைத் தெரியலையா? லில்லி. லோவிட் வீட்டு லில்லி. இங்க ராணுவ ஆபீசுல மொழிபெயர்ப்பு வேலை."

உள்ளே வரச் சொன்னாள். லில்லி தையல் மெஷின் ஓரமாக உட்கார்ந்து, அப்பா அம்மா போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், யாரும் மிஞ்சவில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்க வீட்டுச் சாமான் ஏதாவது யார்கிட்டயாவது இருக்கான்னு தேடிட்டிருக்கேன். கீழே இருக்கற அம்மா சொன்னாங்க, நீங்க ஏலத்துக்குப் போவீங்கன்னு. அங்க ஏதாவது பாத்தீங்களா?"

நோவி சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொன்னாளோ. தெக்லாவின் கண் அந்தச் சீருடைப் பொத்தானிலேயே நின்றது.

"இல்லம்மா. நான் ஒண்ணும் பாக்கல."

"பரவாயில்ல அத்தை. எல்லாரும் அதான் சொல்றாங்க." லில்லி கோபப்படவில்லை. தங்கியிருந்த விடுதியின் விலாசத்தை எழுதி வைத்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு முழத் தூரத்தில், அந்தக் கச்சை தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் தெக்லா ஊசி எடுக்கவில்லை. அடுப்பும் மூட்டவில்லை. ஏழு வருஷம் யாராவது வந்து கேட்டால் கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டவள். கேட்டாயிற்று, இல்லை என்று சொல்லியாயிற்று. இனி அபகரித்தவள்தான். மூன்றாம் நாள் காலை தையலைப் பிரித்துப் பதக்கத்தை எடுத்தாள். விடுதிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி நடந்தாள்.

மேசையில் தெக்லா வைத்த பதக்கத்தை லில்லி தொடவில்லை.

"எப்ப வாங்கினீங்க?"

"நாப்பதுல. ஏப்ரல்."

"அப்ப அம்மா இங்கதானே இருந்தாங்க."

"போனேன். எதிர்ச்சாரி வரைக்கும் போனேன். வாசல்ல ஒரு ஆளு நின்னான். பயந்துட்டேன்." தெக்லா பதக்கத்தை லில்லி பக்கம் நகர்த்தினாள். "நீ நம்ப மாட்டே. என்னாலயே நம்ப முடியல. கொடுக்கத்தான் வாங்கினேனா, எனக்குன்னு வாங்கினேனான்னு தெரியல லில்லி."

லில்லி எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்தாள். ஸூரிச்சில் இருந்த சித்தி வழியாக அம்மா அனுப்பிய கடிதங்கள். ஒன்றைத் தேடிப் பிரித்து வாசித்தாள்.

"'இன்னைக்கு ஜன்னல் வழியா நம்ம தெக்லாவைப் பாத்தேன். கையில பையோட எதிர்ல நின்னா. கூப்பிடணும்னு இருந்தது. கூப்பிட்டா அவளுக்கு ஆபத்து, அதனால திரைக்குப் பின்னாலயே நின்னுட்டேன். இளைச்சுப் போயிருக்கா.'"

வாசித்துவிட்டு மடித்தாள். அன்று தெக்லா ஜன்னலை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் வாசலில் நின்ற ஆளை மட்டும்.

"நான் உங்களை மன்னிக்கணும்னு எதிர்பாக்காதீங்க அத்தை," என்றாள் லில்லி. "மன்னிக்கலைன்னும் சொல்லல. இப்ப எனக்கு எதுவுமே தெரியல." பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டாள். தெக்லா சொல்லாமல் எழுந்துவிட்டாள். வாசல் வரை லில்லி கூடவே வந்தாள்.

அந்த ஞாயிறு தெக்லா இழுப்பறையைக் கவிழ்த்து, முப்பத்தெட்டுக்குப் பிறகு எடுத்தவற்றைத் தனியே பிரித்தாள். எட்டு. அந்தக் கறுப்பு இரும்பு வளையலும் முடி பின்னிய ஊசியும் அதற்கு முந்தையவை. இருந்தும் அவற்றையும் இரண்டு தடவை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். மறுநாள் எட்டையும் யூத சமூக அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். போகும்போதும் பயம்தான், பிடித்து உள்ளே வைப்பார்கள் என்றே நினைத்துப் போனாள். மேசையிலிருந்த மனிதர் சலிப்போடு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரோடதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"கேக்கலையா அப்ப?"

"கேக்கல."

அவர் எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார். பின்னால் இரண்டு சாமானுக்கு ஆள் வந்ததாகக் கேள்வி; ஆறு அங்கேயே இருந்துவிட்டன.

தெக்லா இன்னும் பதினான்கு வருஷம் இருந்தாள். பார்வை நாட்களுக்குப் போவதை மட்டும் விடவில்லை. பேழை பேழையாகக் குனிந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சிப்பந்தியைக் கூப்பிட்டு, "இது எந்த வீட்டுலேந்து வந்தது?" என்று கேட்பாள். அவர்களுக்கு அவளைக் கண்டாலே அலுப்பு. ஏலத்தன்று கடைசி வரிசையில் இரண்டு கையையும் மடியில் வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுத்தியல் விழும்போதெல்லாம் அவள் தோள் ஒருதரம் தூக்கிப்போடும்.