முடிவைப் பார்க்காத அக்கா

என் அக்கா பார்க்காத படமில்லை. ஆனால் ஒரு படத்தின் முடிவையும் அவள் பார்த்ததில்லை. தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைப்பது அவள் வேலை. படம் முடியப்போகும் நேரத்தில் வெளியே போய்க் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சுவரில் சாய்ந்து, திரை வெளிச்சம் முகத்தில் நீலமும் மஞ்சளுமாக மாறிமாறி விழ, தூக்கத்தில் நடப்பவளைப் போல நிற்பாள். நான் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்கு வந்ததும் தன் புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, கதை சொல்லியாக வேண்டும். அவர் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். விடிவதற்குள் வேலைக்கு ஓடுகிற மனிதருக்குப் படம் பார்க்க ஏது நேரம்? சாப்பிட்டபடியே கேட்பார். தெரியாத முடிவை அக்காவே கட்டிவிடுவாள். எந்தப் படமானாலும் கடைசியில் யாரோ யாருக்கோ கதவைத் திறந்துவிடுவார்கள். சண்டைப் படத்தில்கூட!

காரணம் எனக்குத் தெரியும். அவர்கள் மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று கதவைச் சாத்தியவர் மாமா. அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், அவள் ஓடி வந்துவிடுவாள். மனிதர் வாயைத் திறந்தால்தானே.

போன வாரம் ஒரு படம். வீட்டை விட்டுப் போன மகள் மழையில் வந்து வாசலில் நிற்கிறாள். சரியாக அந்த இடத்தில் அக்கா வெளியே வந்துவிட்டாள். வீட்டில், "அப்பன் கதவத் திறந்துட்டான்" என்று சொல்லி முடித்தாள்.

மாமாவின் கை தட்டிலேயே நின்றது.

"அப்புறம் அவன் என்ன பேசினான்?"

"அது எனக்குக் கேக்கலைங்க."

"லீவு போடறேன். அத நான் பாக்கணும்."

அக்காவுக்கு உண்மை முடிவை யாரிடமும் கேட்கவும் பயம். தானும் லீவு போட்டுவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதல்முறையாக அக்கா அந்த இருட்டில் உட்கார்ந்து பார்த்தாள். மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. எங்கள் மேலேயே பெய்வதுபோல் இருந்தது. மகள் கதவைத் தட்டினாள். உள்ளே அப்பா நாற்காலியை விட்டு எழவேயில்லை. அதோடு படம் முடிந்தது.

விளக்குகள் எரிந்தன. யாரோ கதவுகளைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் கலைந்தது. மாமா அசையவில்லை.

"அவன் திறக்கவே இல்லையே."

அக்கா அழுதேவிட்டாள். "நான்தாங்க திறந்தேன். பெத்தவன் இப்படிக் கல்லாட்டம் உக்காந்திருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."

மாமா வெறுந்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீ திறந்தியே, அப்போ அவன் என்ன சொன்னான்?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "என்னத்தச் சொல்லுவான்? 'வர்றதுக்கு இவ்ளோ நேரமா'ன்னு திட்டினான். அவ்ளோதான்."

"திட்டத்தானே செஞ்சான்?" மாமா இருட்டில் கழற்றிவிட்ட செருப்பைக் காலால் துழாவினார். "அது எனக்கு நல்லாவே வரும். அவளுக்குப் போன் போட்டுக் குடு."