காலண்டர் எங்கே, அக்கா?

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தென்காசியில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊருக்கெல்லாம் ஒரு பொய் சொன்னேன். என் வாயால் சொல்லவில்லை. வேறொருத்தியின் வாயால் சொல்ல வைத்தேன். அதுதான் நான் செய்த தவறு. அதன் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். வயது எழுபத்திரண்டு. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு பெண் பழக்கடை வைத்திருக்கிறாள். மங்குஸ்தான் ஓடு கல் போல் இருந்தால் உள்ளே பழம் கெட்டிருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். எனக்கு அது வராது. நான் போனாலே, "நீங்க இருங்க சார், ஒங்களுக்கு நான் பாத்துப் போடுதேன்" என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பையில் போடுவாள்.

அவளிடம் பழம் வாங்கிப் போனவர்கள் வெளியூரிலிருந்து போன் செய்து, "அக்கா, தண்ணி விழுதா?" என்று கேட்பார்களாம். சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர். பதில் சொல்லி அலுத்துப்போய், காலை ஆறு மணிக்கு அருவி முன்னால் நின்று ஒரு நிமிட வீடியோ எடுத்து, இணையத்தில் தனக்கென ஒரு சேனல் தொடங்கிப் போட ஆரம்பித்தாள். முதலில் கடையில் கிழித்த தினசரிக் காலண்டர் தாளைக் கேமரா முன்னால் பிடிப்பாள். "தேதிய நல்லா பாத்துக்கிடுங்க. இன்னைக்கு ராகு காலம் ஒம்பதுல இருந்து பத்தர. அருவியில தண்ணி சுமாராத்தான் விழுது. இதுக்காக லீவு போட்டு வராதிய." அவ்வளவுதான். அந்தச் சேனலைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது.

அந்தச் சமயம் பத்திரிகைகளில் 'படைப்பாளர் பொருளாதாரம்', அதாவது சொந்தமாக வீடியோ போட்டுச் சம்பாதிப்பது, என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் நடந்த ஒரு வகுப்பிலும் சேர்ந்தேன். நம் பக்கத்திலேயே இப்படி ஒரு தொழில் முளைத்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பரபரப்பு. நல்ல கேமரா, சட்டையில் குத்தும் மைக், கம்ப்யூட்டர் எல்லாம் என் செலவில் வாங்கினேன். வருமானத்தில் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம். 'இணை நிறுவனர்' என்று விசிட்டிங் கார்டுகூட அடித்தேன். விளம்பரம் பிடிப்பது என் பொறுப்பு என்பதால் சேனலின் கடவுச்சொல் என் போனிலும் இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. அந்தக் காலண்டர் தாள் பார்க்கப் பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றேன். அவள் சிரித்தாள்.

"சார், நான் என்ன சினிமா நடிகையா, என் மூஞ்சியப் பாக்க வாராவ? அந்தத் தாளப் பாக்கத்தான் வாராவ."

அருவிக்கரை லாட்ஜ் ஒன்றின் விளம்பரம் கிடைத்தது. ஆடியில் மலையில் மழை நின்று அருவி நூலாகிவிட்டது. அவள் வெள்ளிக்கிழமை, "பாறதான் தெரியுது, வராதிய" என்று போட்டுவிட்டு, மகளுக்குக் காது குத்தப் பண்பொழி மலைக் கோவிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் லாட்ஜ்காரர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, சனி ஞாயிறு ரூம் பூரா காலியா கெடக்கு. எங்க விளம்பரத்தையும் போட்டுக்கிட்டு வராதியன்னு சொன்னா எப்படி? ஏதாவது செய்யுங்க."

செய்தேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய அவளது வீடியோவை எடுத்தேன். தண்ணீர் அமோகமாக விழுந்த நாள் அது. தொடக்கத்தில் தாள் தெரியும் சில விநாடிகளை மட்டும் வெட்டினேன். மீதியில் அவள், "தண்ணி நல்லா விழுது, எல்லாரும் வாங்க" என்று சிரித்தாள். அதைச் சேனலில் ஏற்றினேன். மத்தியானத்துக்குள் மலையில் மழை வந்துவிடும், பொய் உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சற்று நேரத்தில் அதன் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "காலண்டர் எங்கே, அக்கா?" அந்தக் கேள்வியை அழித்துவிட்டேன்.

மழை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கடைக்குப் போனேன். அப்போதுதான் பண்பொழியிலிருந்து வந்து கடை திறந்திருந்தாள். நான் உள்ளே ஸ்டூலில் உட்காரவும் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். பிள்ளைகள் தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கையில் துண்டும் சோப்புமாக நின்றார்கள். கைத்தாங்கலாக இறக்கப்பட்ட ஒரு முதியவள் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, தண்ணி நல்லா விழுதுன்னீங்க? அங்க பாறைதான் வெயில்ல குளிச்சிக்கிட்டுக் கெடக்கு! பக்கவாதம் வந்த அம்மா அருவியைக் கண்ணால பாக்கணும்னு சொன்னாங்கன்னு தூக்கிட்டு வந்திருக்கேன். மில்லுல லீவு கெடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா?" என்று ஒருவர் போனை நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஓடும் வீடியோவை முழுக்கப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான்.

நான் எழுந்து, "இது நான் செய்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. முப்பது வருடம் வகுப்பில் பேசிப் பிழைத்த வாய்க்கு அது வரவில்லை. கையில் இருந்த குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான் அண்ணாச்சி. எங்க சேனல்லதான் போட்டிருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அந்த முதியவளிடம் போய், "மன்னிச்சிருங்க ஆச்சி" என்று மங்குஸ்தானை உடைத்துச் சுளையை அவள் வாயில் வைத்தாள். மில்காரர் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "இனிமே உங்க பேச்சை நம்பி ஒருத்தன் வண்டி எடுப்பானா?" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வேன் போன பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் கேமராவும் மைக்கும் அதே பெட்டிகளில், அதே தெர்மோகோலோடு என் வீட்டுக்கு வந்தன. அவளே ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

"சார், எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. காலண்டர் என்னது. அத நான் வச்சிக்கிடுதேன்."

அதோடு அவள் சேனலில் வீடியோ போடுவதையும் நிறுத்திவிட்டாள். பத்து நாள் யோசித்தேன். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் முதல் பஸ்ஸில் குற்றாலம் போனேன். மலையில் மழை பெய்து, அன்று உண்மையாகவே அருவியில் தண்ணீர் கொட்டியது. என் வீட்டுக் காலண்டரில் கிழித்த தாளை ஒரு கையிலும் போனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு பேசினேன். அந்தச் சனிக்கிழமை வீடியோ பழையது, அதை வெட்டிப் போட்டவன் நான், அந்தப் பெண் அன்று ஊரிலேயே இல்லை, அவள் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்றேன். சாரலில் தாள் நனைந்து விரலில் ஒட்டிக்கொண்டது. நடுவில் அழுதுவிட்டேன். அப்படியே சேனலில் போட்டேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பமாகிறது. அவள் இரண்டு வருடமாகச் சொன்ன எந்த உண்மையையும் பார்க்காத கூட்டம் நான் பொய் சொன்ன கதையைப் பார்த்தது. "தாத்தா வேற லெவல்" என்று எழுதினார்கள். "தாத்தா, காலண்டரைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்று ஒருவர் எழுதிய பிறகுதான் கவனித்தேன், நிஜமாகவே தலைகீழ். இதுவும் விளம்பரத் தந்திரம்தான் என்று சிலர் எழுதினார்கள். தலைமுடி எண்ணெய் விற்கும் ஒருவர், என் அழுகை இயற்கையாக இருக்கிறது, அவருடைய எண்ணெய்க்கும் அப்படிப் பேச முடியுமா என்று கேட்டார். லாட்ஜ்காரர் போன் செய்து, "அண்ணாச்சி, நடிப்புல பின்னிட்டியளே! ரூம் பூரா ஃபுல்லு" என்றார். இது நடிப்பில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "இதையும் நல்லா சொல்லுதிய" என்று சிரித்தார்.

நான் செய்தது பரிகாரமா, இன்னொரு வியாபாரமா? பரிகாரத்துக்கு லாபம் வந்தால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? நான் நடத்திய பாடத்தில் இது இல்லை.

நான் விலகிக்கொள்கிறேன், சேனலை முழுக்க நீயே வைத்துக்கொள் என்று கடைக்குப் போய்ச் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் சார். அதுல இப்ப எல்லாரும் ஒங்களத்தான் தேடுதாவ." அந்த வீடியோவையாவது எடுத்துவிடட்டுமா என்றேன். "எதுக்கு? நடந்ததத்தான சொல்லியிருக்கிய. கெடக்கட்டும்."

ஒரு மாதம் கழித்துத் தன் பழைய போனிலேயே அவள் புதிதாக ஒரு சேனல் தொடங்கினாள். முன்பு சேர்ந்திருந்தவர்களில் கால்வாசிகூட இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் தாளை முதலிலும் காட்டுகிறாள், கடைசியிலும் காட்டுகிறாள். தொடக்கத்தை வெட்டினாலும் முடிவில் தேதி நிற்கும். தினமும் ஆறு மணிக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிக்கிறேன்.

வாரம் ஒருமுறை கடைக்கும் போகிறேன். "வாங்க சார்" என்கிறாள். மகள் காதில் போட்ட கம்மலைக்கூடக் காட்டினாள். ஆனால் பழம் கேட்டால் பையை என் கையில் கொடுத்து, "நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க சார்" என்கிறாள். அது மரியாதையா, தண்டனையா, ஒன்றுமே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. நானே அழுத்திப் பார்த்து எடுத்து வரும் பழங்களில் பாதி உள்ளே கெட்டிருக்கிறது. அவற்றை உடைக்கும்போதெல்லாம், முன்பு ஒருத்தி எனக்காக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாளே, நான் போட்ட எந்த முதலும் ஈடாகாத முதல் அதுதான் என்று இந்த வயதில் எனக்குப் புரிகிறது.